கடலோர மொட்டை மாடிக்கு ஹெக்ஸ்பீமா, யாகியா?

போன மாதம் புதிதாக ஹாம் ரேடியோவுக்கு (பொழுதுபோக்காக வானொலியில் உலகத்தோடு பேசுவதற்கு) ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அதாவது தொடக்க நிலை லைசென்ஸ் எடுத்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "அண்ணே, காண்டெஸ்ட்ல உக்காரணும்னு ஆசை. யாகி வாங்கட்டுமா, ஹெக்ஸ்பீம் கட்டட்டுமா?" என்று கேட்டார். காண்டெஸ்ட் என்பது குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிக நிலையங்களோடு பேசும் போட்டி; யாகியும் ஹெக்ஸ்பீமும் அதற்கான ஆன்டெனா வகைகள். கடலூரில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லாத என் மொட்டை மாடியில் இரண்டையும் ஏற்றிப் பார்த்தவன் நான். மூன்று வருடம் மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்) டிராப் யாகி (ஒரே குழாயைப் பல அலைவரிசைகளில் வேலை செய்யவைக்கும் சுருள்தான் டிராப்), அதற்கப்புறம் இன்று வரை ஹெக்ஸ்பீம். என் ஓட்டு ஹெக்ஸ்பீமுக்குத்தான். காரணத்தை அவரிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே திசை பார்த்துத் திருப்ப வேண்டிய ஆன்டெனா, இரண்டுக்கும் ரோட்டேட்டர் வேண்டும், ஒரே கோஆக்ஸ் கேபிள் போதும். 20, 15, 10 மீட்டர் பேண்டு (அலைவரிசை) மூன்றிலும் இரண்டுமே வேலை செய்யும். ஹெக்ஸ்பீமில் 17, 12 மீட்டரும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் அந்த இரண்டிலும் காண்டெஸ்ட் நடப்பதில்லை என்பதால் இந்தக் கணக்கில் அது சேராது.

கெயினில், அதாவது சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறனில், யாகிதான் ஒரு படி மேல். ஸ்டீவ் ஹன்ட் என்ற பிரிட்டிஷ் ஹாம் (அழைப்புக் குறி ஜி3டிஎக்ஸ்கியூ) மேம்படுத்திக் கொடுத்த இன்றைய ஹெக்ஸ்பீமும் அடிப்படையில் மடித்து வைத்த இரண்டு எலிமென்ட் யாகிதான். ஆகவே வித்தியாசம் ஒன்று, ஒன்றரை டெசிபல் வரும். சிக்னல் வலுவை அளக்கும் ஒரு எஸ் யூனிட் என்பது 6 டெசிபல் என்று பார்த்தால் இது சின்ன விஷயம். ஆனாலும் ஓர் இடத்தில் உறைக்கும். சி.கியூ. வேர்ல்டு வைட் என்ற உலகளாவிய காண்டெஸ்டில் நமக்கு ஜப்பான்காரரோடு பேசினால் ஆசியாவுக்குள் என்பதால் 1 பாயின்ட்தான். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 3 பாயின்ட். அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்கு வடதுருவத்தை ஒட்டித்தான் வந்து சேரும், சிக்னல் எப்போதும் நடுக்கத்தோடு இருக்கும். அந்த நேரத்தில் அரை டெசிபலும் காசுதான். யாகி இருந்த வருடங்களில் அந்தப் பக்கம் எனக்குச் சுலபமாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சி.கியூ. வேர்ல்டு வைடின் எஸ்.எஸ்.பி. (குரல்) காண்டெஸ்ட் அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில். சி.டபிள்யூ. (மோர்ஸ்) காண்டெஸ்ட் நவம்பரின் கடைசி முழு வார இறுதியில். நம் நேரப்படி சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கி 48 மணி நேரம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது இலையுதிர் காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழையின் உச்சம். வருடத்தின் மிகப் பெரிய இரண்டு காண்டெஸ்டுகளும் புயல் சின்னத்தோடு போட்டி போட்டுக்கொண்டுதான் வரும். அதனால் கடலூர்க்காரன் ஆன்டெனா வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை எவ்வளவு சீக்கிரம் இறக்கலாம், கெட்டால் யார் சரிசெய்வது என்பதுதான்.

யாகியில் ஒவ்வொரு எலிமென்டிலும் நான்கு, ஆக மொத்தம் 12 டிராப். ஒரு நவம்பரில், சனிக்கிழமை இரவு 15 மீட்டரில் ஐரோப்பியர்கள் வரிசை கட்டி நின்றார்கள். மழை பிடித்தது. 1.3இல் இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பவரை எவ்வளவு ஏற்கிறது என்று காட்டும் அளவு, 1ஐ ஒட்டி இருந்தால் நல்லது) பத்து நிமிடத்தில் 3ஐத் தாண்டியது. ரிக் (ரேடியோ) தானாகவே பவரைக் குறைத்துக்கொண்டது, அழைப்புகள் ஒன்றொன்றாக உதிர்ந்தன. மழை விட்ட பிறகு இறக்கிப் பார்த்தேன். தண்ணீர் வடிவதற்காக டிராப்பின் அடியில் விட்டிருந்த ஓட்டையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. உறையைக் கழற்றியதும் உள்ளங்கை நிறையத் தண்ணீர். சுருளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல உப்பு. சுரண்டச் சுரண்ட அலுமினியமும் கூடவே வந்தது. மாற்று டிராப்பை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அந்த சீசன் அதோடு முடிந்தது.

ஹெக்ஸ்பீமில் அப்படி மூடி வைத்த பாகமே கிடையாது. ஆறு ஃபைபர் கம்பு, வயர், கயிறு. எது அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை காண்டெஸ்டுக்கு முந்தைய நாள் 15 மீட்டர் வயர், காற்றில் ஆடி ஆடி லக் (இணைப்பு முனை) மாட்டிய இடத்தில் அறுந்துவிட்டது. டப்பாவில் கிடந்த துண்டை ஒட்டுப்போட்டு, பற்றவைத்து, அரை மணி நேரத்தில் மேலே ஏற்றிவிட்டேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் இருப்பது பெரும்பாலும் வெற்றுக் கம்பிக்கான அளவு. இன்சுலேஷன் உள்ள வயரை அதே நீளத்துக்கு வெட்டினால் ரெசனன்ஸ் (வயர் ஒத்திசையும் அலைவெண்) பேண்டுக்குக் கீழே போய்விடும், சற்றுக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும்.

கயிறும் முக்கியம். முதல் முறை கடலூர் முதுநகர் வலைக்கடையில் நைலான் கேட்டேன். எதற்கு என்று விசாரித்த கடைக்காரர், "நனைஞ்சா இளகிடும் சார், பாலியெஸ்டர் எடுத்துக்குங்க" என்றார். கயிறு இளகினால் கம்புகளின் வளைவு மாறும், வயர் தொய்யும், எஸ்.டபிள்யூ.ஆரும் நகரும். கடல் தொழிலுக்குச் சொன்ன யோசனை என் ஆன்டெனாவுக்கு அப்படியே பொருந்தியது.

2020இல் நிவர் புயல் நவம்பர் 25 நள்ளிரவையொட்டி மரக்காணம் அருகே கரை கடந்தது. சி.டபிள்யூ. காண்டெஸ்ட் 28ஆம் தேதி. செவ்வாய்க்கிழமை காலை நானும் மைத்துனரும் ஆன்டெனா நிற்கும் பைப்பைச் சாய்த்து, கயிறுகளை அவிழ்த்து, கம்புகளைக் கட்டாகக் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மாலை திரும்ப ஏற்றியாயிற்று. யாகியாக இருந்தால் எட்டு மீட்டர் நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஆள் தேடியிருப்பேன்.

யாகிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. விற்க நினைத்தால் கம்பெனி யாகியை ஹாம்கள் உடனே வாங்கிக்கொள்வார்கள், வீட்டில் கட்டிய ஹெக்ஸ்பீமுக்கு விலை கிடைக்காது. கோவை, ஓசூர் பக்கம் உப்புக்காற்று இல்லாத இடத்தில், நிலையான டவர் போட வசதி இருந்தால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். நான் 100 வாட் லோ பவர் பிரிவில்தான் உட்காருகிறேன். ஜெனரல் கிரேடுக்கு (மேல்நிலை லைசென்ஸ்) அனுமதித்த 400 வாட்டை ஹெக்ஸ்பீமில் செலுத்திப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. ஃபைபர் கம்புக்கும் வெயில் எதிரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கிறேன், இதுவரை ஒன்றும் வெடிக்கவில்லை. பத்து வருடம் தாங்குமா என்று கேட்டால் இப்போது சொல்ல முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு கயிறையும் மாற்றப் போகிறேன். பார்க்க வருகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார். பாலியெஸ்டர் ஒரு சுருள் கூடுதலாக வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் தேவைப்படும்.