பத்மினி கார்புரேட்டருக்கு எது கொள்ளாம்: கிட்டா, ஆக்கர் (பழைய இரும்பு) கடையா, ஆன்லைனா, லேத் பட்டறையா?

பத்மினி, பழைய ஃபியட் வச்சிருக்குற எல்லாருக்கும் ஒரு நாள் வந்தே தீர்ற கேள்வி இது, இஞ்சினுக்கு பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற சோலெக்ஸ் கார்புரேட்டர் மக்கர் பண்ணுது, பார்ட்ஸுக்கு எங்க போக? மும்பை குர்லாவுல வண்டி செய்றத நிறுத்தி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, கம்பெனி பார்ட்ஸ்னு இனி ஒண்ணும் வரப்போறதில்ல. என் வண்டிக்கு நான் பழைய கார்புரேட்டர் பாடியவே லேத்துல குடுத்து புஷ் (தேஞ்ச ஓட்டைக்குள்ள இறக்குற குட்டிக் குழாய்) அடிச்சு, அதுமேல ஒரு கிட்டும் போட்டு ஓட்டிட்டு இருக்கேன். அதனால நான் எந்தப் பக்கம் பேசுவேன்னு இப்பவே தெரிஞ்சுக்கோங்க.

முதல்ல கிட், அதாவது மாத்த வேண்டிய சின்னச் சாமான் எல்லாம் சேர்ந்த ரிப்பேர் செட்டு. நாகர்கோவில்ல பழைய ஸ்பேர்ஸ் கடைல சொல்லி வச்சா வெளியூர்ல இருந்து பார்சல்ல வரவச்சு தருவாங்க, கேஸ்கட், நீடில் வால்வு, பம்ப் டயஃப்ரம், வாஷர், ஸ்பிரிங் இவ்ளோதான், விலையும் கைய கடிக்காது. பாக்க வேண்டியது டயஃப்ரம் ரப்பர் மட்டுந்தான். இப்ப பங்குல அடிக்கிறது இருவது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், மட்டமான ரப்பர் அதுல ஊறி உப்பிப் போகும், அப்புறம் ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி ஒரு நொடி மூச்சு முட்டி நிக்கும். கிட்ல ஜெட்டும் (பெட்ரோல அளந்து விடுற ஓட்டை போட்ட குட்டித் திருகு) சேர்த்து குடுத்தா அவசரப்பட்டு மாத்தாதீங்க. ஜெட்ல 120ன்னு அடிச்சிருந்தா ஓட்டை 1.20 மில்லிமீட்டர்னு கணக்கு, லோக்கல் காப்பில நம்பர் மட்டும் சரியா இருக்கும், ஓட்டை அந்த அளவுல இருக்காது. பழைய ஜெட்ட கழுவி ஏர் அடிச்சா போதும், கம்பி விட்டு குத்தாதீங்க.

ஆன்லைன்ல முழு கார்புரேட்டரே புதுசுன்னு பளபளன்னு போட்டோ போட்டு விக்காங்க. வெளிநாட்டுல இருந்து வரவச்சா பார்சல் காசும் கஸ்டம்ஸும் சேர்ந்து நம்ம வண்டி விலைக்கு பக்கத்துல போயிரும். இங்கயே பழைய ஸ்டாக்குன்னு கிடைக்கிறது பரவால்ல, ஆனா அட்டைப்பெட்டில எத்தன வருசமா கிடந்ததோ, கேஸ்கட் அப்பளமா காஞ்சிருக்கும், எப்படியும் கிட் வாங்கணும். நான் ஆன்லைன்ல வாங்குனதெல்லாம் சின்னச் சின்ன சாமான்தான், முழு யூனிட் வாங்கி மாட்டுனவங்க சொன்னா நானும் கேட்டுக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வரேன், ஸ்பிண்டில். ஆக்சிலேட்டர மிதிச்சா காத்து வழிய திறந்து மூடுற தகடு இருக்குல்ல, அந்த திராட்டில் பிளேட்ட தாங்குற அந்த குறுக்குக் கம்பி பாடிக்குள்ள சுத்திச் சுத்தி ஓட்டைய முட்டை வடிவத்துல தேச்சிரும், ரெண்டு பக்கமும் அந்த இடுக்கு வழியா காத்து உள்ள போகும், கார்புரேட்டர் அளந்து விடாத காத்து. அப்புறம் நீங்க மிக்ஸ்சர் ஸ்க்ரூவ எவ்ளோ திருக்குனாலும் ஐடில் (ஆக்சிலேட்டர மிதிக்காம இஞ்சின் ஓடுறது) நிக்காது, தக்கலை ஜங்ஷன் ட்ராஃபிக்ல கால எடுத்தா வண்டி ஆஃப், எடுக்காட்டா உறுமிக்கிட்டே நிக்கும். எந்த கிட் போட்டாலும் இது தீராது, ஏன்னா தேஞ்சது பாடி. முக்கால்வாசி பேரு டியூனிங் சரியில்லன்னு மெக்கானிக்க மாத்திட்டே இருக்கதுக்கு இதுதான் காரணம்னு நெனக்கிறேன். டெஸ்ட் ரொம்ப சிம்பிள், ஆக்சிலேட்டர்ல இருந்து வர்ற லிங்கேஜ் கம்பிய கழட்டிட்டு ஸ்பிண்டில் நுனிய ரெண்டு விரல்ல புடிச்சு மேல கீழ ஆட்டுங்க, டக்டக்னு ஆட்டம் தெரியும். இல்லன்னா இஞ்சின் ஓடும்போது அந்த முனையில ரெண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்க, சத்தம் மாறுனா கேஸ் முடிஞ்சது. பெட்ரோல மட்டும் விட்டுப் பாக்காதீங்க, சூடான இஞ்சின், பத்திக்கும்.

லேத்துல செய்ற வேலை என்னன்னா, பாடி ஓட்டைய பெருசாக்கி பித்தளை புஷ் இறக்கணும், ரெண்டு புஷ்ஷயும் ஒரே ரீமர (ஓட்டைய அளவா சீவுற டூல்) நேரா விட்டு ஒரே ஓட்டத்துல முடிக்கணும், தனித்தனியா போட்டா ஸ்பிண்டில் இறுகும். ஸ்பிண்டில் தேஞ்சிருந்தா அதையும் புதுசா கடைஞ்சிரணும். அதுக்கு முன்னாடி பிளேட்ட கழட்டுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பிளேட்ட ஸ்பிண்டில்ல புடிச்சு வைக்குற ரெண்டு குட்டி ஸ்க்ரூவோட வால கம்பெனிலயே தட்டி விரிச்சிருப்பாங்க, அத அரத்தால ராவிட்டுதான் திருக்கணும், இல்ல மறை போயிரும். பிளேட் முழு வட்டம் கிடையாது, ஓரம் சரிவா இருக்கும், எந்த முகம் மேல, எந்தப் பக்கம் வெளியன்னு கோடு போட்டு வைங்க. திரும்ப மாட்டும்போது லாக்டைட் பசை போட்டு வாலையும் தட்டி விடணும், ஸ்க்ரூ கழண்டா நேரா இஞ்சினுக்குள்ளதான் போகும். என் பட்டறை மேஸ்திரி பாடிய கைல வாங்கிப் பாத்துட்டு, "கொள்ளாம் மக்களே, ஆனா இத சைடுல வச்சு செய்ய முடியாது, கூட்டமில்லாத நேரம் கொண்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அப்படி சொல்ற ஆளுகிட்டதான் குடுக்கணும். மார்த்தாண்டம் பக்கமும் பழைய கை ஆளுங்க இருக்காங்க, விசாரிச்சா தெரியும்.

பாடி கைல இருக்கும்போதே ஃப்ளோட்டையும், அதான் உள்ள பெட்ரோல் லெவல சரியா வைக்குற மிதவையையும் பாத்துருங்க. பித்தளை ஃப்ளோட்ட சுடுதண்ணில முக்குனா ஓட்டை இருக்க இடத்துல காத்துக் குமிழி விடும். ஈயம் வச்சா கொஞ்சமா வைங்க, வெயிட் கூடுனா பெட்ரோல் லெவலும் ஏறிரும்.

மாருதி 800 கார்புரேட்டர அடாப்டர் வச்சு மாட்டுறவங்களும் இருக்காங்க. அது 796 சிசிக்கு செஞ்சது, நம்மது 1089. ஊருக்குள்ள ஓட்டிரலாம், பேச்சிப்பாறை ஏத்தத்துக்கு எனக்கு மனசு வராது.

எஸ்யூங்குற வேற கம்பெனி கார்புரேட்டர் போட்ட அம்பாசடர்ல எனக்கு கைப்பழக்கம் குறைவு. ஆனா அவங்களுக்கு ஒரு கொடுப்பின இருக்கு, எஸ்யூ உரிமைய வாங்குன பர்லன் கம்பெனி இங்கிலாந்துல இன்னும் ஒரிஜினல் பார்ட்ஸ் போடுது, அதனால அவங்க கணக்கு வேற.

ஆக்கர் கடை, சென்னை புதுப்பேட்டை, இதெல்லாம் பாடி வெடிச்சோ வளைஞ்சோ போனவங்களுக்கு மட்டும்தான். மும்பை டாக்ஸி பத்மினி எல்லாம் 2023 அக்டோபரோட ரோட்ட விட்டு போயிருச்சு, அந்த மாதிரி வண்டில கழட்டுனது கிடைச்சா ராப்பகலா ஓடுனதுன்னு நெனச்சுக்கோங்க, நம்ம ஸ்பிண்டிலே தேவலன்னு ஆயிரும். போறதா இருந்தா கழுவி பெயின்ட் அடிச்சு வச்சிருக்கத பாத்து மயங்காதீங்க, முதல்ல ஸ்பிண்டில ஆட்டிப் பாருங்க, ஃப்ளாஞ்ச (இஞ்சினோட ஒட்டி உக்காருற தட்டை முகத்த) கண்ணாடி மேல கவுத்தி வச்சு வெளிச்சம் வருதான்னு பாருங்க, அப்புறமா அண்ணாச்சிகிட்ட விலைய பேசுங்க.