தண்ணீர்மலைப் பள்ளத்தாக்கா, தெலுக் பஹாங் காடா?

கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றால், பினாங்குக்காரர்கள் இரண்டு திசைகளில் கை காட்டுவார்கள். ஒன்று, ஜார்ஜ் டவுனை ஒட்டிய தண்ணீர்மலைப் பள்ளத்தாக்கு. மற்றொன்று, தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்கா. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். காலை நடைக்கு நல்ல இடம்தான், ஆனால் காடு தேடி வந்தவருக்கு அது போதாது.

படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் தெலுக் பஹாங்குக்கே போகிறார்கள். நடை முடியும் இடத்தில் கடற்கரை இருக்கிறதே! என் ஓட்டு பெரும்பாலான நாட்களில் தண்ணீர்மலைக்குத்தான்.

அங்கே பள்ளத்தாக்கின் மடியில் இருப்பது 1884-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா. சார்லஸ் கர்ட்டிஸ் அதன் முதல் காப்பாளர். நுழைவு இலவசம். நம்மூர்ச் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய நாகலிங்க மரம் இங்கே அடிமரமெல்லாம் பூத்து நிற்கும். இடத்துக்குப் பெயர் தந்த அருவி மட்டும் குடிநீர் வாரியத்தின் வேலிக்குள் இருப்பதால், அனுமதியின்றி அருகே போக முடியாது. அருவியை நம்பி வருபவர்கள் ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

பூங்காவிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏற ஜீப் பாதை இருக்கிறது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர், முழுக்கத் தார் போட்ட செங்குத்துச் சாலை. இதை மலையேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முழங்காலுக்குத் தண்டனை, அவ்வளவுதான். பூங்காவை எட்டுமுன் சாலையோரத்தில் வட்டமான பழைய வாசல் ஒன்று தெரியும். மூன் கேட் என்பார்கள். அதற்குள் நுழைந்தால் வேரும் மண்ணும் கல்லுமாக உண்மையான காட்டுப்பாதை. ஏறிப்போய் ஜீப் பாதையில் 84-ஆம் நிலையம் எனப்படும் இளைப்பாறும் இடத்தை அடையலாம். அங்கே நடைப்பிரியர்கள் பராமரிக்கும் தேநீர்க் குடில் இருக்கிறது. தெம்பிருந்தால் உச்சிவரை நடந்து, மலை ரயிலில் இறங்கலாம். இல்லையென்றால் வந்த வழியே திரும்பலாம். எந்த இடத்திலும் திரும்ப முடியும் என்பதுதான் இந்தப் பாதையின் பெருமை. வயதானவர்களும் சிறுவர்களும் கலந்து வரும் குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பதற்கு இங்கே இரண்டு சாட்சிகள். பள்ளத்தாக்கின் வாயிலில் 513 படிகளுக்கு மேலே தண்ணீர்மலையான். கொடிமலை உச்சியில் அருளொளி திருமுருகன்.

தெலுக் பஹாங் வேறு ரகம். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வாசலில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே பாதை இரண்டாகப் பிரியும். கடலோரமாகத் தெலுக் டுயோங்குக்குப் போவது ஒன்று. குரங்குக் கடற்கரை என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். படகில் வந்து இறங்கும் கூட்டம் அங்கே அதிகம். காட்டுக்காக வந்தவர் அதை விட்டுவிடலாம். குன்றைக் கடந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போவதே சிறந்த வழி. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், பெரும்பகுதி நிழல்.

கெராச்சுட்டில் இருப்பது போன்ற ஏரியைத் தண்ணீர்மலையில் காண முடியாது. மேலே நன்னீர், அடியில் கடலிலிருந்து புகுந்த உப்புநீர். உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காய் நிற்கும். மழையற்ற மாதங்களில் போனால் வெறும் சேற்றுத்தரைதான் மிஞ்சும். ஆகவே மழைக்காலத்தை ஒட்டிப் போவதே பயன். பக்கத்தில் ஆமைக் காப்பகம் உண்டு. பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. ஜெல்லி மீன்கள் உள்ளதால் கடலில் இறங்க வேண்டாம்.

ஒரு குறை: போய்ச் சேர்ந்த பிறகு திரும்ப இரண்டே வழி, கால் அல்லது படகு. கடல் கொந்தளித்தால் படகு இல்லை. குழந்தை அழுதாலும் பெரியவருக்கு மூச்சு வாங்கினாலும் அதே ஒன்றரை மணி நேரம். நகரிலிருந்து 101-ஆம் எண் பஸ் வாசல்வரை போகும், ஆனால் பத்து பெரிங்கி நெரிசலைத் தாண்ட வேண்டும். ஒரு முழுநாளை ஒதுக்காமல் கிளம்பக் கூடாது.

விலங்குகள் விஷயத்தில் இரண்டும் சமம். நீள்வால் குரங்குகள் இரு இடத்திலும் பையைப் பறிக்கும். தீனி போடுவது சட்டப்படி தவறு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட இலைக்குரங்குகள் சாது. அவற்றின் குட்டிகள் மஞ்சள்செம்மையாகப் பிறக்கும். அதைப் பார்க்கவேனும் காலை ஏழு மணிக்கு முன் தாவரவியல் பூங்காவில் இருங்கள்.

அரைநாள் கிடைத்தால் மூன் கேட். முழுநாளும் நல்ல கால்களும் இருந்தால் கெராச்சுட், அதுவும் போகவர நடந்தே. தைப்பூச நாட்களில் மட்டும் மூன் கேட் திட்டத்தை மறந்துவிடுங்கள். அந்தச் சாலை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்களும் காவடிகளுமாக இருக்கும்.