எலும்புக்காக வாங்கலாம்

மேல்நிலை வகுப்பு விலங்கியல் செய்முறைக்காக நாகர்கோவிலில் உள்ள அறிவியல் கருவிக் கடை ஒன்றில் நான்கு ஸ்லைடுகள் கொண்ட பெட்டியை வாங்கினேன். மூன்று குருத்தெலும்புக்கு, ஒன்று எலும்புக்கு.

கொடுத்த காசுக்கு ஈடு செய்வது எலும்பு ஸ்லைடுதான். உலர்ந்த எலும்பை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெலிதாக்கிய குறுக்குவெட்டு அது. 10 மடங்கு லென்ஸிலேயே, 1691-இல் ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் எழுதிவைத்த கால்வாய்களும் அவற்றைச் சூழ்ந்த லாமெல்லா என்னும் மெல்லிய எலும்பு அடுக்குகளும், குறுக்கே வெட்டிய வாழையில் தண்டைச் சுற்றி மட்டைகள் தெரிவதுபோல் துலங்குகின்றன. 40 மடங்குக்கு மாற்றினால் லாக்குனா என்னும் கறுத்த சிறு குழிகளும், அவற்றிலிருந்து மயிரிழையாகக் கிளைத்து அடுத்த லாக்குனாவைத் தொடும் நுண்குழல்களும் புலப்படுகின்றன. அந்தக் கறுப்பு சாயமன்று. செல்கள் இருந்த வெற்றிடத்தில் காற்று புகுந்ததால் வருவது. கால்சியம் உப்புகள் இறுகிய எலும்பினூடே சத்துகள் ஊடுருவ முடியாது என்பதால், அச்செல்கள் பிழைத்தது இந்த நுண்குழல்களின் வழியாகத்தான்.

ஹயலின் குருத்தெலும்பு ஸ்லைடு நன்று. செல்களைச் சூழ்ந்த ஊதா நிற இடைப்பொருளான மேட்ரிக்ஸில், காண்ட்ரோசைட்டுகள் என்னும் குருத்தெலும்புச் செல்கள் இரண்டும் நான்குமாகக் கூடி நிற்கின்றன. இரத்தக்குழாய் எதுவும் இல்லை, சத்து மேட்ரிக்ஸ் வழியாகவே ஊறி வர வேண்டும். கொலாஜன் புரத இழைகள் தெரியவில்லையே என்று மாணவர்கள் முறையிடுவார்கள். அது ஸ்லைடின் குற்றமன்று. அவ்விழைகளும் மேட்ரிக்ஸும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் விலக்குவதால் சாதாரண நுண்ணோக்கியில் அவை தனித்துத் தெரியா. நார்க் குருத்தெலும்பும் பரவாயில்லை.

மீள்தன்மைக் குருத்தெலும்புதான் ஏமாற்றம். ஆர்சீன் போன்ற சாயம் ஏற்றியிருந்தால் மீள்இழைகள் செம்பழுப்பு வலையாகத் தெரிந்திருக்கும். இதிலோ வழக்கமான ஹெமடாக்சிலின், இயோசின் சாயங்கள் மட்டுமே இருப்பதால், பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டால் ஹயலினிலிருந்து பிரித்தறிவது கடினம். மாற்றித் தரக் கேட்டதற்கு, "கம்பெனியில இருந்து வந்ததே இப்படித்தான் சார்" என்ற பதில்தான் கிடைத்தது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது அவசியம். வெயிலில் வைத்தால் இயோசின் வெளுக்கும்.

வாங்குவோர், அமிலத்தில் கால்சியம் நீக்கிச் சாயமேற்றிய எலும்பு ஸ்லைடு ஒன்றையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தேய்த்த எலும்பில் செல்கள் இரா. முதிர்ந்த எலும்புச் செல்களான ஆஸ்டியோசைட்டுகளையும், எலும்பின் விளிம்பில் வரிசையாக நின்று எலும்பை உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்டுகளையும் காட்ட, கால்சியம் நீக்கிய அந்த ஸ்லைடே எளிய வழி.