கிராக்கிங் பவுடர்: ஓடிக்கொண்டிருக்கும் பழைய பார்க்குக்குள் பாறை உடைக்க வாங்கலாமா?

சேலத்துக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் நடுவில் ஒரு பழைய தீம் பார்க்கைப் பெரிதாக்க நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது சறுக்கு கம்பெனியின் கேட்டலாக்தான். ஜே.சி.பி. மூன்றடி தோண்டியதும் அதை ஓரமாக வைத்துவிடுவார்கள். மேலே செம்மண், நடுவில் வெங்காயத் தோல் போல உரியும் உருண்டைக் கற்கள், அதற்கும் கீழே நீலக் கருங்கல். புவியியல்காரர்கள் சார்னோக்கைட் என்பார்கள். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் வந்த பெயர். கல்லறைக்கே தேர்ந்தெடுத்த கல் சுலபத்தில் உடையுமா? சிதையாத பாறையின் அமுக்க வலிமை 150 மெகாபாஸ்கலைத் தாண்டுவது சாதாரணம்.

காலி மனையாக இருந்தால் வெடி வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பத்தடி தள்ளி அலைக்குளம், அதில் டிக்கெட் வாங்கிய ஜனம், சுவருக்கு அந்தப் பக்கம் ஃபில்டர் ரூம் என்றால் கதை வேறு. வெடிக்கு 2008 வெடிபொருள் விதிகளின்படி உரிமமும் சான்று பெற்ற ஆளும் வேண்டும். அதிர்வு இன்னொரு தலைவலி. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கை, சுரங்கத்தாருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வில், நிலம் அசையும் வேகத்துக்கு விநாடிக்கு 5 மி.மீ. என்று வரம்பு வைக்கிறது. பார்க் சுரங்கமல்ல, ஆனாலும் அளந்து பார்க்க இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். இருபது வருடம் குளோரின் தண்ணீரில் ஊறிய டைல்ஸ் அந்த வரம்புக்குள்ளேயே கழன்று விழலாம். 20 டன் ஹிட்டாச்சியில் பிரேக்கர் மாட்டி அடிப்பது இரண்டாவது வழி. உருண்டைக் கல்லுக்குச் சரி. கீழே முழுப்பாறை வந்ததும் உளிமுனை சூடாகி மழுங்கும், டீசல் எரியும், பாறையில் வெள்ளைத் தழும்புதான் மிஞ்சும்.

அப்போது சப்ளையர் நீட்டுவது இந்தப் பவுடரை. 5 கிலோ பை, அட்டைப் பெட்டிக்கு நான்கு. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருப்பது பெரும்பாலும் சுட்ட சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்ட சாம்பல் நிறப் பொடி. தண்ணீர் கலந்து துளையில் ஊற்றினால் இறுகிக்கொண்டே விரியும். சதுர மீட்டருக்கு 7,000 டன் அழுத்தம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அமுக்கினால் பாறை புலி, இழுத்தால் பூனை. அதன் இழுவை வலிமை அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. பவுடர் அந்தப் பலவீனத்தைத்தான் பிடிக்கிறது. அதிர்வு இல்லை, கல் பறக்காது, வெடி உரிமம் தேவையில்லை. இவ்வளவும் உண்மை.

"சத்தமே இல்லை" என்பது மட்டும் பாதி உண்மை. விரியும்போது சத்தமில்லை. துளை போட ட்ராக்டர் கம்ப்ரஸரும் ஜாக் ஹாமரும் வந்தாக வேண்டும், பக்கத்தில் நின்று பேச முடியாது. கல்லில் குவார்ட்ஸ் இருப்பதால் உலர்வாகத் துளைத்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கும் ஆகாது, குளத்துக்கும் ஆகாது. தண்ணீர் விட்டுத் துளைக்க வேண்டும், அதுவும் பார்க் திறக்காத நேரத்தில். விரிவாக்க அட்டவணையை இழுத்தடிப்பது பவுடர் அல்ல, இந்தத் துளை வேலைதான். ஒரு கணக்கு: சறுக்குக் கோபுரத்தின் ஒரு தூணுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழக் குழி. 34 மி.மீ. பிட், 30 செ.மீ. இடைவெளி என்றால் வரிசைக்கு ஏழு வீதம் 49 துளை, மொத்தம் 73 மீட்டருக்கு மேல். மீட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ பிடிக்கும். ஆக 110 கிலோ, 22 பை. வீணாவதற்கு இரண்டு மூன்று பை கூட்டிக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 18 கிலோவுக்குக் குறைவாகக் கணக்குச் சொல்லி கொட்டேஷன் கொடுத்தால், துளை இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். 50 செ.மீ. என்று பதில் வந்தால் இந்தக் கல்லை அவர் பார்த்ததில்லை.

கலப்பதில் விளையாடக் கூடாது. ஒரு பைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். கூழ் சுலபமாக இறங்கட்டும் என்று மேஸ்திரி இன்னும் ஒரு குவளை ஊற்றினால் விரியும் பலம் போய்விடும். கலந்த ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் துளைக்குள் இருக்க வேண்டும், அதனால் ஒரு தடவைக்கு ஒரு பை மட்டும். துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகு ஊற்றவும். வாயைக் கல்லாலோ மண்ணாலோ அடைக்கக் கூடாது. ஈரச் சாக்கு அல்லது தார்ப்பாய் போர்த்தினால் போதும்.

நம்மூரில் இந்தப் பவுடரைக் கெடுப்பது வெயில். பை வாங்கும்போது அதில் எழுதிய வெப்பநிலையைப் பாருங்கள்; 25 முதல் 40 டிகிரி வரை ஒரு ரகம், 10 முதல் 25 வரை இன்னொன்று. அந்த டிகிரி காற்றுக்கு அல்ல, பாறைக்கு. சித்திரை மதியத்தில் அடிவாரத்துக் கறுப்புப் பாறையின் மேல்தோல் 50 டிகிரியைத் தாண்டும். அதில் ஊற்றினால் சில நிமிடங்களில் கூழ் கொதித்துத் துளையிலிருந்து துப்பாக்கிக் குண்டு போலப் பீச்சி அடிக்கும். முகத்தில் பட்டால் கண் போய்விடும். காரம் அவ்வளவு, பி.எச். 12-க்கு மேல். ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கி மிச்சமான பெட்டியைக் கீழே கொண்டுவந்து சேலம் வெயிலில் பயன்படுத்துவது இந்த விபத்துக்கு நேர் வழி. முந்தின நாள் மாலையிலிருந்தே பாறையில் ஈரச் சாக்குப் போட்டு, விடிகாலையில், ஐஸ் போட்டுக் குளிர்வித்த தண்ணீரில் கலக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் யாரும் கிட்டே வரக் கூடாது. ஊற்றிய பின் பல மணி நேரத்துக்குத் துளையை எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். மேலே ஏற்காட்டில் பிரச்சினை தலைகீழ்: மார்கழி இரவில் அடிவாரத்துக்கு வாங்கிய 25–40 டிகிரி ரகப் பவுடர் தூங்கிவிடும், 12 மணி நேரத்தில் வர வேண்டிய விரிசல் இரண்டு நாளானாலும் வராது. பனி ஈரத்தில் திறந்து வைத்த பை கட்டி தட்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

பழைய பார்க் என்ற காரணத்தால் வரும் சிக்கல் எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருக்காது. பவுடர் எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்தப் பக்கம் தள்ளும். ஒரு பக்கமாவது திறந்திருந்தால் பாறை அங்கே நகரும். சமதளத்தில் குழி போடும்போது திறந்த பக்கமே கிடையாது. முதலில் நடுவில் சாய்வுத் துளைகளால் ஒரு பள்ளம் பறித்து, பிறகு வெளிப்பக்கமாக வர வேண்டும். அந்தப் பள்ளத்தை விட பழைய குளத்துச் சுவர் கிட்டே இருந்தால் பவுடருக்குச் சுவர்தான் திறந்த பக்கம். பழைய குளங்களில் வெளிப்பக்கம் ஷட்டரிங் போடாமல், வெட்டிய பாறையையே அச்சாக வைத்துக் கான்கிரீட் ஊற்றியிருப்பது உண்டு. அங்கே சுவரும் பாறையும் ஒரே உடம்பு. பாறை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் சுவர் கூடவே வரும். விரிசல் அன்றைக்குத் தெரியாது, பத்து நாள் கழித்துத் தண்ணீர் மட்டம் இறங்கும்போது தெரியும்.

இதற்கு மருந்து, சுவருக்கும் வேலைக்கும் நடுவில் நெருக்கமாக வெற்றுத் துளைகளை வரிசையாகப் போட்டு, பவுடர் நிரப்பாமல் விடுவது. அதைவிடச் சுத்தமான வழி, கிரானைட் குவாரியில் ஓடும் வைர ஒயர் ரம்பத்தால் அந்தக் கோட்டை அறுத்துப் பாறையைச் சுவரிலிருந்து பிரித்துவிடுவது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அந்த மெஷினும் ஆட்களும் உண்டு. செலவு உறைக்கும். ஆனால் குளத்தை இறக்கி மறுபடி வாட்டர்ப்ரூஃப் செய்யும் செலவோடு வைத்துப் பாருங்கள். எப்படியும் சுவரில் இருக்கும் பழைய விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் அன்றைய ஊற்றலை நிறுத்த வேண்டியதுதான்.

துளைத்ததும் உள்ளே தண்ணீர் ஊறுகிறதா? அது நிலத்தடி நீரா, குளத்துக் கசிவா என்று உடனே பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. குளத்துக்கு வைத்திருக்கும் குளோரின் டெஸ்ட் கிட்டை எடுத்து ஒரு குப்பியில் சொட்டு விடுங்கள். குளோரின் நிறம் வந்தால் குளம் ஒழுகுகிறது. வராவிட்டால் நிம்மதி அடைய வேண்டாம், மண்ணில் ஊறி வரும்போதே குளோரின் செத்திருக்கலாம். அப்போது உள்ளே போகும் பைப்புகளை வால்வு வால்வாக மூடி அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை வேலைக்கு முன்னும் பின்னும் செய்து எழுதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பழைய ஒழுகலுக்கும் பவுடர்காரர்தான் பலி. ஈரத் துளையிலும் வெடிப்புள்ள பாறையிலும் கூழை நேராக ஊற்றினால் கரைந்தோ ஒழுகியோ போகும். துளைக்கேற்ற பாலித்தீன் குழலுக்குள் ஊற்றி இறக்குங்கள்.

பைப் எங்கே போகிறது என்ற வரைபடம் பழைய பார்க்கில் பெரும்பாலும் ஆபரேட்டரின் தலைக்குள்தான் இருக்கும். தரையை ஸ்கேன் செய்யும் ராடாரை வரவழைக்கலாம், ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும். கேபிள் லொக்கேட்டரால் கரண்ட் கேபிளைப் பிடிக்கலாம், பி.வி.சி. அகப்படாது. கடைசியில் கடப்பாரை வைத்து ஆள் தோண்டும் சோதனைக் குழிதான் நம்பகம். வெயிலில் கிடந்த பழைய பி.வி.சி. பைப்பின் மேல் கல் சரிந்தால் பிஸ்கட் போல நொறுங்கும்.

உடைத்த பிறகும் கவனம் வேண்டும். துளையில் மிஞ்சிய வெள்ளைக் கூழ் மழையில் கரைந்து குளத்தில் இறங்கினால் பி.எச். ஏறும். 7.5-இல் பாதி வேலை செய்யும் குளோரின் 8-ஐத் தாண்டினால் கால் பங்குக்கும் கீழே போய்விடும், தண்ணீரும் கலங்கும். மழைக்கால வேலை என்றால் குளத்துப் பக்கம் மண்மூட்டை வரப்பு கட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். மலைமேல் அந்தத் தண்ணீர் ஓடையில் இறங்கிப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போகும். ஏற்காட்டில் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வரம்புக்குள் வரும் நிலமா என்று தோண்டும் முன்னரே பார்த்துவிட வேண்டும். பவுடருக்கு வெடி உரிமம் வேண்டாம் என்பதால் மலையைக் குடைய அனுமதியும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆக, வாங்கலாமா? பம்ப் ரூம், பேலன்ஸ் டேங்க், புதுக் குளம் என்று பாறையைக் கட்டாயம் எடுத்தாக வேண்டிய இடத்தில், குளத்திலிருந்து பிரித்துவிட்ட பாறைக்கு, தாராளமாக வாங்கலாம். தனித்தனி உருண்டைக் கல்லுக்கு வேண்டாம். நம்மூர்க் கல் உடைப்பவர்களின் ஆப்பும் சம்மட்டியும் அதைவிட மலிவு, வேகமும் கூட. சறுக்குக் கோபுரத்தின் தூண்களுக்கோ இந்தக் கேள்வியே வரக் கூடாது. மேலே பார்த்த 22 பைக் குழியைப் பல இடங்களில் தோண்டவே தேவையில்லை. சிதைந்த மேல்தோலை மட்டும் நீக்கி, நல்ல பாறையில் துளை போட்டு, கம்பி இறக்கி, சுற்றிலும் கூழ் நிரப்பி இறுக்கி (கிரௌட் செய்து), அதன் மேல் பீடம் கட்டலாம். காற்றில் கோபுரத்தைத் தூக்கப் பார்க்கும் விசையைக் கம்பி தாங்குகிறதா என்று இழுத்துச் சோதிக்க வேண்டும், எத்தனை கம்பி என்பதை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் சொல்ல வேண்டும். மண்ணுக்குப் போட்ட ஃபுட்டிங் வரைபடத்தை அப்படியே பாறைக்கும் கொடுப்பதால்தான் இவ்வளவு பவுடர் விற்கிறது.

பிளந்த கல்லை பார்க்குக்குள்ளேயே தடுப்புச் சுவருக்கும் வடிகால் நிரப்பலுக்கும் பயன்படுத்தினால் லாரி வாடகை மிச்சம். வெளியே ஏற்றுவதாக இருந்தால் கனிமவளத் துறையின் நடைச்சீட்டை வண்டி வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.