விடால் வேண்டாம் என்று சொன்ன லேப்

மகனுக்கு மூன்று நாளாக 103 டிகிரி காய்ச்சல். டாக்டர் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருந்தால் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எழுதிக்கொடுத்து, கும்பகோணத்தில் ஒரு மாடி லேபுக்கு அனுப்பினார். பழக்கதோஷத்தில், "டைஃபாய்டுக்கு எடுப்பாங்களே, அப்படியே அந்த விடால் டெஸ்டும் பார்த்துடும்மா" என்றேன்.

கவுண்டரில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "ஆன்டிபயாடிக் ஏதாவது ஆரம்பிச்சாச்சா சார்?" இல்லை என்றதும்தான் முகம் தெளிந்தது. மாத்திரை உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி சிக்குவது கஷ்டமாம். "விடால் கிருமியைப் பார்க்காது சார், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியைத்தான் பார்க்கும். அது ஏற ஒரு வாரமாவது ஆகும். இப்ப எடுத்தா காசுதான் தண்டம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு லேபில், காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே எனக்கு விடால் எடுத்து, ஆன்டிபாடி அளவு 1:80 என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். டைஃபாய்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். பிளேட்லெட் இறங்கிய பிறகு பார்த்தால் டெங்கு. பழைய தொற்றின் மிச்சமே அந்த 1:80ஐக் காட்டலாமாம். 1896ல் வந்த டெஸ்ட், இன்னும் தெருவுக்குத் தெரு ஓடுகிறது!

ரத்தம் எடுத்த விதம் பிடித்திருந்தது. பாட்டிலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காயும்வரை காத்திருந்தார். கைக்கு ஒரு பாட்டில், ஒவ்வொன்றிலும் 10 மில்லி. என் மனைவி பதறிவிட்டாள். டைஃபாய்டில் பல பேருக்கு ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூடத் தேறாது, குறைத்து எடுத்தால் தவறிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். கல்ச்சரில் வராவிட்டாலும் டைஃபாய்டு இல்லை என்று அர்த்தமில்லை என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலமே போன்: "பாட்டில்ல கிருமி வளருது, டாக்டர்கிட்ட சொல்லிட்டோம்." டைஃபாய்டு கிருமியான சால்மோனெல்லா டைஃபிதான். முழு ரிப்போர்ட்டில், ஆன்டிபயாடிக்குகளில் சிப்ரோஃப்ளாக்சசின் இந்தக் கிருமிக்குக் கேட்காது, செஃப்ட்ரியாக்சோன் கேட்கும் என்று இருந்தது. மெடிக்கலில் முதலில் எடுத்து நீட்டியதே சிப்ரோ மாத்திரையைத்தான். நல்லவேளை, வாங்கவில்லை.

குறைகள்? 1,400 ரூபாய் கொஞ்சம் அதிகம். முழு ரிப்போர்ட் சொன்னதற்கு ஒரு நாள் தாமதம். படி செங்குத்து, காய்ச்சல்காரனைத் தாங்கித்தான் ஏற்றினேன். அப்புறம், ஞாயிறு மதியத்தோடு பூட்டிவிடுகிறார்கள், சனிக்கிழமையே போய்விடுங்கள்.