ராட்சசன்: யாருடைய முகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறது?

பள்ளி மாணவிகளைக் கடத்திக் கொல்பவனைப் பொலிஸார் தேடும் கதையாக, 2018இல் ராம்குமார் இயக்கத்தில் வெளிவந்த 'ராட்சசன்' படத்தை, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் பனி இறங்கிய ஓர் இரவில், நண்பரின் வீட்டில் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். விறுவிறுப்பில் குறையில்லை, பரிசுப் பெட்டிக்குள் சிதைந்த பொம்மை முகம் தெரியும் கணத்தில் இப்போதும் கை சில்லிட்டது. ஆனால் (முடிவை அறிய விரும்பாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்) கொலைகாரனை அரிய நோயால் தோற்றம் மாறியவனாகவும், பள்ளியில் கேலிக்கு ஆளானவனாகவும், பெண் வேடமிடுபவனாகவும் படைத்திருப்பது என்னை உறுத்துகிறது. 1991இல் வெளியாகி ஐந்து ஒஸ்கார் விருதுகளை வென்ற 'த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்' என்ற ஹொலிவுட் படமும், பெண் தோற்றத்துக்கு ஏங்கும் ஒருவனைக் கொலைகாரனாக்கியதற்காக ஏறக்குறைய இதே எதிர்ப்பைச் சந்தித்தது. 'ராட்சசன்' படத்தில் பெண் பொலிஸ் உயரதிகாரியும் விசாரணைக்கு முட்டுக்கட்டை போடவே வருகிறார்.

மாணவிகளிடம் அத்துமீறும் ஆசிரியர் வரும் பகுதியே படத்தில் மிக உண்மையானது. தேயிலை மலைகளின் குறுக்குப் பாதையில் நாளும் பாடசாலைக்கு நடக்கும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் அஞ்சுவது விகாரமான முகத்துக்கு அல்ல, ஊரே வணக்கம் சொல்லும் அப்படிப்பட்ட சாதாரண முகத்துக்குத்தான். படத்தைப் பெரியவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள வேண்டாம்.