சுதேசிக் கப்பல் என்று சொல்லி டைட்டானிக்கை அனுப்பினார்கள்: 6,800 ரூபாய் போயிற்று

கை இன்னும் நடுங்குகிறது, கோபத்தில்தான். குழந்தைகள் அறைக்குச் சுவர்ப்படம் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் மகனுக்கு வ.உ.சி. என்றால் உயிர். பள்ளி நாடகத்தில் அவர் வேடம் போட்டதிலிருந்து சுதேசிக் கப்பல் கம்பெனி, அதன் கப்பல்களான காலியா, லாவோ என்று வீட்டில் ஓயாத பேச்சு. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஆட்களை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்துப் பார்த்த கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவன் அறைக்காகத்தான், சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் ஒரு படக்கடையைப் பிடித்தேன். மூன்று படங்கள்: துறைமுகத்தில் காலியா, தூத்துக்குடி–கொழும்பு வழித்தடம், வ.உ.சி.யின் உருவம். பருத்தி கேன்வாஸ், தேக்குச் சட்டம், ஒவ்வொன்றும் 24க்கு 36 அங்குலம் என்றார்கள். மொத்தம் 6,800 ரூபாய், முழுவதும் முன்பணம்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டதால் தயங்கினேன். கடை சார்பில் பேசிய பெண் உடனே பேச்சை மாற்றினார். "பையன் பெயர் என்ன அக்கா? கேப்டன் என்று போட்டுக் கப்பலின் முகப்பிலேயே எழுதித் தருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் வேண்டாம்." தன் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்றார். வ.உ.சி. செக்கிழுத்ததைச் சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது. இதற்குமேல் யார்தான் சந்தேகப்படுவார்கள்? பேசி முடித்த கையோடு 6,800 ரூபாயை அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்ததும் பெயின்ட் கடைக்குள் நுழைந்ததுபோல் நெடி. கேன்வாஸாவது ஒன்றாவது, தெருமுனையில் பேனர் கட்டுகிற அதே ஃப்ளெக்ஸ். தேக்கு என்றது பிளாஸ்டிக் பட்டை. கப்பலைப் பார்த்த என் மகன், "அம்மா, இது டைட்டானிக்" என்றான். உண்மைதான், வரிசையாக நான்கு புகைபோக்கிகள். 1911இல் கடலில் இறக்கிய கப்பலை 1907இன் தூத்துக்குடியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்! புகை இடப்பக்கம் போகிறது, கொடி வலப்பக்கம் பறக்கிறது. எந்தக் கணினியில் தட்டி எடுத்தார்களோ. வரைபடத்தில் ஊரின் பெயர் 'தூத்துக்கடி'. பிழையில்லாமல் இருந்தது என் மகன் பெயர் மட்டும்தான், தங்க எழுத்தில்.

அந்தப் பெயர்தான் பொறி என்பது பணத்தைத் திருப்பிக் கேட்டபோது புரிந்தது. "பெயர் போட்ட பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது மேடம், ரிட்டர்ன் கிடையாது." முந்தின வாரம் வரை அக்கா! நான்கு புகைபோக்கியைக் கேட்டால் "ஓவியரின் கற்பனை." ஃப்ளெக்ஸைக் கேட்டால் "திரையில் தெரிவது நேரில் கொஞ்சம் மாறும்." தேக்கைக் கேட்டால் பதிலே இல்லை. மேலாளர் அழைப்பார் என்றார்கள், அழைக்கவில்லை. அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம், அந்த வாய்க்கொழுப்பைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 6,800 ரூபாய் அவர்கள் கணக்கில், நெடியடிக்கும் மூன்று ஃப்ளெக்ஸ் என் பால்கனியில்.

பெயர் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. "ரிட்டர்ன் இல்லை" என்று யார் சொன்னாலும் அதோடு அடங்கிவிடாதீர்கள்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை, சுருக்கமாக: பெயர் எழுதித் தருகிறேன் என்று தானாக முன்வருகிறவரிடம், திருப்பி எடுப்பீர்களா என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். பொருளின் பின்பக்கத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். 24க்கு 36 அங்குலம் தெளிவாக அச்சாக 3,600க்கு 5,400 பிக்சல் அளவாவது படம் வேண்டும், கோப்பின் அளவைக் கேளுங்கள். பார்சல் பிரிப்பதைப் படம்பிடியுங்கள். முழு முன்பணம் கூடவே கூடாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இப்போது அதற்குத்தான் அழைக்கப் போகிறேன்.